குத்துச்சண்டைக் கையுறை: தேர்வும் பராமரிப்பும்

பெட்டாலிங் ஜெயாவில், கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் சுங்கை வே. செரி செத்தியா என்றும் இவ்வூர் அழைக்கப்படுகிறது. இங்கிருந்து நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் தலைநகர் கோலாலம்பூரை அடையலாம். 1957-ஆம் ஆண்டு நாட்டின் விடுதலை முழங்கப்பட்ட மெர்டேக்கா அரங்கம் அந்நகரில்தான் இருக்கிறது. அதே அரங்கில் 1975 ஜூலை 1-ஆம் நாள், உலகம் உற்றுநோக்கிய குத்துச்சண்டைப் போட்டி ஒன்று நடைபெற்றது. உலகப் பெரும் எடைப்பிரிவு வெற்றியாளர் முகம்மது அலி, பிரிட்டனைச் சேர்ந்த ஜோ பக்னரை எதிர்த்து 15 சுற்றுகள் மோதினார். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அன்றைய சூழலில் இருவரும் இறுதிவரை தாக்குப்பிடித்தனர். நடுவர்கள் ஒருமனதாக அலியை வெற்றியாளராக அறிவித்தனர்.

அலியின் கால்களின் வேகத்தைப் பற்றியும் அவருடைய பேச்சைப் பற்றியும் இன்றும் பலர் பேசுகின்றனர். ஆனால், அன்று இருவரின் கைகளையும் மூடியிருந்த கையுறைகளைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. குத்துச்சண்டையில் கையுறை என்பது அழகுக்காக அணியும் பொருள் அன்று. அது, குத்துபவரின் கையையும் குத்து வாங்குபவரின் முகத்தையும் ஒரே நேரத்தில் காக்க வேண்டிய கருவி. ஆகவே, குத்துச்சண்டை பழக விரும்பும் மாணவர் ஒருவர் கையுறையை வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தம்மை மட்டும் நினைத்தால் போதாது. எதிரே நிற்கப் போகும் தம் நண்பரையும் நினைக்க வேண்டும்.

கையுறையின் கதை

கையை மூடிக்கொண்டு குத்தும் வழக்கம் மிகப் பழைமையானது. கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் உள்ள அக்ரோத்திரி என்னும் தொல்நகரில், 3,500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுவரோவியம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இரண்டு சிறுவர்கள் குத்துச்சண்டை போடும் அவ்வோவியத்தில், ஒவ்வொருவரும் வலக்கையில் மட்டும் கையுறை அணிந்துள்ளனர். பிற்காலக் கிரேக்க வீரர்கள் தோல் வார்களைக் கைகளில் சுற்றிக்கொண்டனர். இங்கிலாந்தில் உரோமானியர் காலத்துக் கோட்டையான விண்டோலாண்டாவில் 2017-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய தோல் கையுறைகள் கிடைத்தன. அவை விரல் முட்டிகளை மட்டும் காக்கும் வகையில், உள்ளே மென்பொருள் அடைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

ஆனாலும், 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நடந்த பரிசுப் போட்டிகளில் வீரர்கள் வெறுங்கையுடனேயே மோதினர். விரல்கள் முறிந்தன, முகங்கள் கிழிந்தன. இந்நிலையை மாற்றும் வகையில் 1867-ஆம் ஆண்டு குயின்ஸ்பரி விதிகள் வெளியிடப்பட்டன. தரமான, புதிய கையுறைகளை அணிந்தே போட்டியிட வேண்டும் என்றும், போட்டியின்போது கையுறை கிழிந்தால் அதை மாற்ற வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. 1892-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ஜேம்ஸ் கார்பெட், ஜான் சல்லிவனை வென்றார். கையுறை அணிந்து, குயின்ஸ்பரி விதிகளின்படி நடத்தப்பட்ட அந்தப் பெரும் எடைப்பிரிவு உலகப் போட்டிக்குப் பிறகு வெறுங்கைக் காலம் முடிவுக்கு வந்தது.

தமிழர்களுக்கும் இவ்விளையாட்டு புதியதன்று. வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனக் குழுக்களாகப் பிரிந்து குத்துச்சண்டை பழகும் மரபு இருந்தது. 1980-ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். மலேசியாவும் இவ்விளையாட்டில் பெயர் பெற்ற நாடுதான். 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், சரவாக்கைச் சேர்ந்த சாப்போக் பிக்கி 48 கிலோ பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார்.

கையுறை என்ன செய்கிறது?

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பல மெல்லியவை. மூடிய விரல்களால் கடினமான பொருளைக் குத்தும்போது, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு எளிதில் முறியக்கூடும். கையுறை இந்த ஆபத்தைக் குறைக்கிறது. வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் தம் கைகளைச் சற்றுப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பர். அவ்வாறு செய்யும்போது பந்து நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. கையில் உணரப்படும் விசை குறைகிறது. கையுறையின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சும் இதையே செய்கிறது. குத்து விழும்போது அது அமுங்குகிறது; விசையை நேரத்திலும் பரப்பிலும் பரவச் செய்கிறது. இதனால் குத்துபவரின் எலும்பும் குத்து வாங்குபவரின் தோலும் ஓரளவு காக்கப்படுகின்றன.

எனினும், கையுறை எல்லாவற்றையும் காப்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. மூளை, மண்டையோட்டுக்குள் திரவம் சூழ அமைந்திருக்கிறது. தலை திடீரென்று ஆட்டம் காணும்போது மூளையும் உள்ளே அசைகிறது. எவ்வளவு தடித்த கையுறையாலும் அந்த அசைவை முற்றாகத் தடுக்க முடியாது. ஆகவேதான், பயிற்சியில் தலையைக் குறிவைத்து முழு வலிமையோடு குத்தக்கூடாது என்று பொறுப்புள்ள பயிற்றுநர்கள் கண்டிப்புடன் கூறுகின்றனர். குத்து வாங்கிய பின் தலைவலி, மயக்கம், குமட்டல், குழப்பம் போன்றவை தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு கைகுலுக்கல் வெளிப்படுத்திய உண்மை

கையுறையின் உள்ளே இருக்கும் பஞ்சு எவ்வளவு முக்கியமானது என்பதை 1983-ஆம் ஆண்டு நடந்த ஒரு துயர நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், 21 வயதே ஆன பில்லி காலின்ஸ் என்னும் வீரர் லூயிஸ் ரெஸ்டோவுடன் மோதினார். காலின்ஸ் அதுவரை ஒரு போட்டியில்கூடத் தோல்வி கண்டதில்லை. ஆனால், அன்று சுற்றுக்குச் சுற்று அவருடைய முகம் வீங்கியது, கண்கள் மூடிக்கொண்டன. 10 சுற்றுகளின் முடிவில் ரெஸ்டோ வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

போட்டி முடிந்ததும் காலின்சின் தந்தை, ரெஸ்டோவைப் பாராட்டக் கை கொடுத்தார். அவர் பிடித்த கையுறையில் பஞ்சு இருக்க வேண்டிய இடம் மெலிந்திருந்தது. உள்ளே இருந்த விரல் முட்டிகள் அவர் கைக்குத் தட்டுப்பட்டன. உடனே அவர் குரல் எழுப்பினார். கையுறைகள் கைப்பற்றப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவற்றிலிருந்து பஞ்சு அகற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. அப்போட்டியின் முடிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது. ரெஸ்டோவும் அவருடைய பயிற்றுநரும் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றனர். ஆனால், காலின்சின் கண்பார்வை பாதிக்கப்பட்டுவிட்டது. அவர் மீண்டும் களம் இறங்கவே இல்லை.

இது திட்டமிட்டுச் செய்த மோசடி. ஆனால், மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பஞ்சைத் திருடுவதற்கு மனிதர்கள் மட்டும் காரணமல்லர். காலமும் ஈரமும் கவனக்குறைவும்கூட அதைத் திருடிவிடும். பல மாதங்கள் குத்துப்பையில் அடித்து அடித்துப் பஞ்சு நைந்துபோன கையுறையை அணிந்து நண்பரோடு மோதுபவர், தம்மை அறியாமலேயே அதே தீங்கைச் செய்கிறார்.

எடையும் பயனும்

குத்துச்சண்டைக் கையுறை, அவுன்ஸ் என்னும் எடை அளவால் குறிக்கப்படுகிறது. ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் ஆகும். ஆகவே, 10 அவுன்ஸ் கையுறை ஒன்று ஏறத்தாழ 283 கிராமும், 16 அவுன்ஸ் கையுறை ஒன்று ஏறத்தாழ 454 கிராமும் எடை கொண்டிருக்கும். எண் கூடக் கூடப் பொதுவாகப் பஞ்சும் கூடும். எனவே பாதுகாப்பும் கூடும். அதே வேளையில் கை விரைவில் களைப்படையும்.

தொழில்முறைப் போட்டிகளில் எடைப்பிரிவுக்கேற்ப 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறைகள் பயன்படுத்தப்படுகின்றன. அமெச்சூர் போட்டிகளில் 10 அல்லது 12 அவுன்ஸ் கையுறைகள் பயன்படுகின்றன. ஆனால், போட்டியில் அணிவதைப் பார்த்துப் பயிற்சிக்கும் அதையே வாங்குவது தவறு. போட்டி என்பது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சியோ வாரந்தோறும் தொடரும். இணையருடன் மோதிப் பழகும் பயிற்சிக்கு, வளர்ந்தவர்கள் பெரும்பாலும் 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறைகளை அணிகின்றனர். உடல் எடை குறைந்த மாணவர்கள் எத்தனை அவுன்ஸ் அணிய வேண்டும் என்பதைப் பயிற்றுநரே அவரவர் எடையையும் வலிமையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வாய்ப்பிருந்தால் இரண்டு இணைக் கையுறைகளை வைத்திருப்பது நல்லது. ஒன்று குத்துப்பைக்கு, மற்றொன்று இணையருடன் மோதுவதற்கு. குத்துப்பை கடினமானது, அதில் அடிக்கும் கையுறையின் பஞ்சு விரைவில் கட்டிதட்டிப் போகும். அந்தக் கையுறை நண்பரின் முகத்தைத் தொடக்கூடாது. இரண்டு இணைகள் வாங்க இயலாதவர்கள், குத்துப்பைக்குப் பயிற்சிக்கூடத்தின் பொதுக் கையுறையைக் கேட்டுப் பயன்படுத்தலாம். அவ்வாறு பயன்படுத்தும்போது கைக்கட்டுத் துணி கட்டாயம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது கைக்கட்டுத் துணியையும் எடுத்துச் செல்ல வேண்டும். மணிக்கட்டையும் விரல் முட்டிகளையும் சுற்றிக் கட்டும் நீண்ட துணிப்பட்டையே கைக்கட்டுத் துணி. வளர்ந்தவர்களுக்கான துணி பெரும்பாலும் 4.5 மீட்டர் நீளம் இருக்கும். அதைக் கட்டிய பிறகே கையுறையை அணிந்து பார்க்க வேண்டும். வெறுங்கையில் கச்சிதமாக இருக்கும் கையுறை, துணி கட்டிய கையில் நுழையாமல் போகலாம்.

அணிந்தபின் விரல் நுனிகள் கையுறையின் முனையை மெல்லத் தொட வேண்டும். மடங்கி நெருக்குண்ணக் கூடாது. கையை மூடினால் முழுமையாக மூட முடிய வேண்டும். கையை மூடவே வலிமை செலவாகுமானால் அந்தக் கையுறை பொருத்தமானதன்று. கையை உதறிப் பார்க்கும்போது கையுறை உள்ளே வழுக்கி ஓடக்கூடாது. அடுத்த ஆண்டும் அணியலாம் என்று எண்ணிப் பெரிய அளவில் வாங்குவது பள்ளிச் சட்டைக்குப் பொருந்தலாம், கையுறைக்குப் பொருந்தாது. தளர்வான கையுறையில் மணிக்கட்டு எளிதில் பிசகிவிடும்.

மணிக்கட்டை இறுக்கும் முறையில் இரண்டு வகை உண்டு. நாடா கட்டும் கையுறை கையோடு ஒட்டிப் பொருந்தும். ஆனால், அதைக் கட்டிவிட மற்றொருவரின் உதவி வேண்டும். ஒட்டுப்பட்டை கொண்ட கையுறையைத் தாமே அணியலாம், கழற்றலாம். பழகும் மாணவர்களுக்கு இரண்டாவது வகையே வசதியானது. கட்டைவிரல் பகுதி, கையுறையின் மற்றப் பகுதியோடு தைத்து இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தனியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் எதிராளியின் கண்ணைக் குத்தக்கூடும்; அணிந்திருப்பவரின் கட்டைவிரலும் பிசகக்கூடும்.

அடுத்து, விரல் முட்டிகளுக்கு மேலுள்ள பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பஞ்சு அமுங்கி, கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அழுத்தும்போது உள்ளே இருக்கும் கை உடனே தட்டுப்பட்டால் அதை வாங்கக்கூடாது. தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். உள்துணியில் முடிச்சோ மடிப்போ இருந்தால் அது தோலை உராய்ந்து புண்ணாக்கும். தோலால் செய்த கையுறை விலை மிகுந்தது, நெடுநாள் உழைக்கும். செயற்கைத் தோல் கையுறை விலை குறைந்தது. வாரத்திற்கு ஓரிரு முறை பழகும் மாணவருக்கு அதுவே போதுமானது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நிறத்தையும் பெயரையும் பார்த்து வாங்குவதைவிடப் பஞ்சையும் தையலையும் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

நம் நாட்டு வானிலையும் கையுறையும்

கையுறையின் முதல் பகைவன் வியர்வை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்திருக்கின்றன. மாலையில் அடிக்கடி இடிமழையும் பெய்கிறது. இச்சூழலில் ஈரமான பொருள் தானாக உலர்வது கடினம். பயிற்சி முடிந்ததும் கையுறையைப் பைக்குள் திணித்து, பையை மூடி, மறுவாரம் திறந்து பார்த்தால் முகத்தைச் சுளிக்க வைக்கும் வாடை வீசும். உள்ளே பூஞ்சையும் கிருமிகளும் பெருகியிருக்கும். நாளடைவில் உள்துணி மக்கும், நுரைப்பஞ்சு நொய்ந்துபோகும். படர்தாமரை போன்ற தோல் நோய்களும் தொற்றக்கூடும்.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளிமையானவை. பயிற்சி முடிந்தவுடன் கையுறையின் வாயை அகல விரித்து, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு, பழைய நாளிதழ்த் தாளைக் கசக்கி உள்ளே அடைக்க வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைக்கலாம். அதன்பின் கையுறையின் வாய் காற்று வரும் திசையை நோக்கி இருக்குமாறு, மின்விசிறிக்கு அருகில் நிழலில் வைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்கள் மழைச்சாரல் படாத இடத்தில் அதைத் தொங்கவிடலாம். வாடை நீங்காவிட்டால், சிறிதளவு சமையல் சோடாவைப் பழைய காலுறையில் இட்டு முடிச்சுப் போட்டு, இரவு முழுவதும் கையுறைக்குள் வைத்திருக்கலாம்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. கையுறையைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடக்கூடாது. நீரில் ஊறிய பஞ்சு உள்வரை உலர்வது அரிது. கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் காயவைக்கக்கூடாது. தோல் வறண்டு வெடிக்கும். மூடிய காரின் பின்பெட்டியில் விட்டுவைக்கக்கூடாது. அங்கே வெப்பமும் ஈரமும் ஒன்றுசேர்ந்து கையுறையைப் பாழாக்கும். தோலால் செய்த கையுறையாக இருந்தால், தோல் பொருள்களுக்கான எண்ணெயை எப்போதாவது சிறிதளவு தடவலாம்.

கைக்கட்டுத் துணியை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துவைத்து உலர்த்த வேண்டும். வியர்வையின் பெரும்பகுதியை உறிஞ்சுவது அத்துணியே. அது தூய்மையாக இருந்தால் கையுறையும் நெடுநாள் தூய்மையாக இருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிக் கட்டிய பின்னரே கையுறை அணிய வேண்டும். கையுறையில் இரத்தம் பட்டால் பயிற்சியை நிறுத்திக் கிருமிநாசினியால் துடைத்த பிறகே தொடர வேண்டும்.

விடைகொடுக்கும் நேரம்

எவ்வளவு பேணிக் காத்தாலும் கையுறைக்கு ஆயுள் உண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பஞ்சு சிறிது சிறிதாகத் தேய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, மாதத்திற்கு ஒரு முறை கையுறையைச் சோதிப்பது நல்ல பழக்கம். பெருவிரலால் அழுத்தும்போது பஞ்சு மீண்டு எழவில்லையா? ஓரிடத்தில் கட்டியாகவும் மற்றோரிடத்தில் பள்ளமாகவும் இருக்கிறதா? தோல் வெடித்திருக்கிறதா? தையல் பிரிந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும், அக்கையுறையை இணையருடன் மோதப் பயன்படுத்தக்கூடாது. வெடித்த தோலின் கூரிய விளிம்பு முகத்தைக் கீறிவிடும்.

உலகப் புகழ் பெற்ற வீரர்களின் கையுறையும் கிழிந்ததுண்டு. 1963-ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கூப்பருடன் மோதியபோது, முகம்மது அலியின் கையுறையில் தையல் பிரிந்திருந்தது. அப்போது அவர் கேசியஸ் கிளே என்ற பெயரால் அறியப்பட்டிருந்தார். நான்காம் சுற்றின் முடிவில் கூப்பரின் குத்தில் அவர் கீழே விழுந்தார். இடைவேளையில் அவருடைய பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி அந்தக் கிழிசலை நடுவருக்குச் சுட்டிக்காட்டினார்; அதைச் சற்றுப் பெரிதாக்கியதும் தாமே என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அடுத்த சுற்றில் அலி வென்றார். அந்தச் செயல் சரியா, தவறா என்று இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆனால், களம் இறங்கும் முன்பே இரு தரப்புக் கையுறைகளையும் நன்கு சோதித்துவிட்டால் இத்தகைய விவாதத்திற்கே இடமிருக்காது.

குத்துச்சண்டைப் போட்டி தொடங்கும்போது இரு வீரர்களும் தங்கள் கையுறைகளை ஒன்றோடொன்று மெல்லத் தொட்டுக்கொள்வர். அது வெறும் சடங்கன்று. 'விதிகளுக்கு உட்பட்டு மோதுவோம்' என்று இருவரும் சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி அது. சுங்கை வேயில் முதன்முதலாகக் கையுறை அணியும் மாணவரும் அதே வாக்குறுதியைத் தம் நண்பருக்கு அளிக்கிறார். பொருத்தமான கையுறையைத் தேர்ந்தெடுப்பதும், அதை ஒவ்வொரு நாளும் துடைத்து உலர்த்துவதும், தேய்ந்தபின் தயங்காமல் மாற்றுவதும் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் செயல்களே. தம் கையுறையைப் பேணுபவர் தம் நண்பரையும் பேணுகிறார்.